பம்புக்கு வைத்த சந்தனப் பொட்டு

சந்திரசூடேஸ்வரர் துணை

ஓசூர்,
ஈஸ்வர வருஷம், ஐப்பசி 4, செவ்வாய்க்கிழமை
(21-10-1997)

சென்னைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் அருமைத் தம்பி ராமப்பனுக்கு, அக்கா நாராயணம்மா மனசார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று ஒரு வரி போட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்று நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமையும் அதுவுமாக, குளித்து விபூதி இட்டுக்கொண்டு உட்கார்ந்து, பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே உள்ளதை எழுதுகிறேன். உன் மாமா சுகம். அவருடைய மொபெட் சுகம். உன் மகள் முனிலட்சுமி இப்போது சுகம். "இப்போது" என்ற வார்த்தையைப் பார்த்துப் பதறாதே. கிரேன் மேலே உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்காதே. கீழே இறங்கி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, நிழலாகப் பார்த்து உட்கார்ந்து படி.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அக்கா வளவளவென்று எழுதுகிறாள் என்று நாலாம் பக்கத்தில் மடித்து வைத்துவிடுவாய். முனிலட்சுமி இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தாளே இன்சுலின் பம்ப், சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொடுத்த மெஷின், அது இப்போது அவள் இடுப்பில் இல்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமைக்குள் நான் போய், "இதற்கு நான் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டால் திரும்பக் கொடுப்பார்களாம். போடாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கிறவருக்குக் கொடுத்துவிடுவார்களாம், பிறகு கேட்டாலும் கிடைக்காதாம். ஆகவே நீ உடனே ஒரு காகிதத்தில், "என் மகளுக்கு இந்த மெஷின் வேண்டாம், பழையபடி ஊசியே போதும், இப்படிக்கு ராமப்பன்" என்று எழுதி அனுப்பு. அனுப்பினால் அதைக் காட்டி நான் ஒதுங்கிக்கொள்வேன். நானாக வேண்டாமென்று சொன்னால் உன் மகள் என் முகத்தில் விழிக்க மாட்டாள். நீ சொன்னதாக இருந்தால் அப்பன் பேச்சு என்று நாலு நாள் அழுதுவிட்டு அடங்கிவிடுவாள். எதற்காக இப்படிக் கேட்கிறேன் என்பதற்குத்தான் இனிமேல் எழுதப்போவது எல்லாம்.

பதினோரு வயசில் சுகர் வந்த நாளாக அவள் பட்ட பாடு உனக்குத் தெரியும். தினம் நாலு ஊசி. ஊசி போட்டால் இத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும், சாப்பிடாவிட்டால் மயக்கம், அதிகம் சாப்பிட்டால் வேறு மயக்கம். வீட்டோடு இருந்தவரைக்கும் எப்படியோ ஓடியது. இங்கே ஸ்விட்ச் கம்பெனியில் வேலை கிடைத்து என்கூட வந்து தங்கின பிறகுதான் வம்பு. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரி. "உங்க பொண்ணுக்கு ஊசி மணி பாத்துப் போடணும், கம்பெனிக்காரன் வாரா வாரம் மணியையே மாத்திடறான், நான் என்னம்மா பண்றது?" என்று டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஜோதிமணி என்று பேர், கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெண், வாயைத் திறந்தால் "ஏனுங்க, என்னுங்க" என்பாள், கோபம் வந்தால் மட்டும் அந்த "ங்க" காணாமல் போய்விடும். அவள்தான் எங்கெங்கோ எழுதிப் போட்டு, வெளிநாட்டுச் சங்கம் ஒன்று நம்ம கவர்மெண்டுக்குச் சோதனைக்காகக் கொடுத்த ஆறு மெஷினில் ஒன்றை நம்ம ஆஸ்பத்திரிக்கு வாங்கினாள். பதினாலு பேர் வரிசையில் நின்றார்கள். ஷிப்ட் வேலை என்பதால் உன் மகளுக்குக் கொடுத்தாள். ஆனி மாசத்தில் கட்டிவிட்டார்கள்.

பார்ப்பதற்கு, பெரிய மனுஷர்கள் இடுப்பில் சொருகிக்கொண்டு திரிகிறார்களே பேஜர், அதுபோலத்தான் இருக்கும். அதிலிருந்து நூல் மாதிரி ஒரு டியூப், நுனியில் ஊசி, அது வயிற்றில். நாளெல்லாம் சொட்டுச் சொட்டாக மருந்து போகும், சாப்பிடும்போது பட்டனை அமுக்கினால் கொஞ்சம் கூடப் போகும். ஆனால் சர்க்கார் சொத்து இல்லையா? ஸ்டோரில் இருக்கிற பொன்னுசாமி சும்மா விடுவாரா? மேஜைக்கும் பெஞ்சுக்கும் எழுதுகிற வெள்ளைப் பெயிண்டையும் பிரஷ்ஷையும் எடுத்து வந்து மெஷினுக்குப் பின்னால் 417 என்று எழுதிவிட்டார். எழுதினதோடு விட்டாரா? ஒவ்வொரு திங்கட்கிழமையும் செக்கப்புக்குப் போனால் ரிஜிஸ்தரைத் தூக்கிக்கொண்டு வந்து, "பாப்பா, கொஞ்சம் திரும்பு, நம்பர் சரியா இருக்குதான்னு பாக்கணும்" என்பார். உன் மகள் ஒரு நாள் நின்று, "அண்ணா, 416 எது?" என்று கேட்டாள். "ஸ்டூல்" என்றார். "அப்போ அதையும் திருப்பிப் பாத்துட்டு வாங்க, அப்புறம் நான் திரும்பறேன்" என்றாள். அதிலிருந்து மனுஷர் நர்ஸை அனுப்பிப் பார்க்கிறார்.

அடுத்த வாரமே கம்பெனி கேட்டில் ஒரு கூத்து. வேலை முடிந்து வெளியே வரும்போது பெண்களைத் தடவிப் பார்க்க நஞ்சம்மா என்று ஒரு செக்யூரிட்டி நிற்பாள், அத்திபெலேக்காரி, கன்னடம். உன் மகள் இடுப்பில் கை வைத்தவள், "ஏனம்மா இது? தோர்ஸு, தோர்ஸு" என்று, காட்டச் சொல்லிப் பிடித்துக்கொண்டாள். ஒயர் வேறு உள்ளே போகிறதா, கம்பெனிச் சாமானை வயிற்றுக்குள் வைத்துக் கடத்துகிறாள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பின்னால் எண்பது பொம்பளைகள் பஸ் போய்விடும் என்று கத்துகிறார்கள். நம்ம பெண் என்ன விளக்கினாலும் கேட்கவில்லை. கடைசியில், "சரி, நீயே பாரு" என்று சட்டையைத் தூக்கி, பிளாஸ்டரை விலக்கி, ஊசி வயிற்றில் குத்தியிருக்கிற இடத்தைக் காட்டினாளாம். நஞ்சம்மா ஆறடி ஆள். அப்படியே கண் சொருகித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுகர் வந்த நம்ம பெண் தன் பையிலிருந்து குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிரித்துச் செக்யூரிட்டி வாயில் போட்டு எழுப்பியிருக்கிறாள். இப்போது நஞ்சம்மா இவளைக் கண்டால் கேட்டை அகலத் திறந்து விடுகிறாள்.

இதெல்லாம் போகட்டும். இனி எழுதுவதைத்தான் பூத்திலிருந்து போன் போட்டபோது உன்னிடம் சொல்லாமல் விட்டேன். "பண்டிகையில எதையோ தின்னுட்டு வாந்தி, இப்ப சரியாயிடுச்சு" என்றுதானே சொன்னேன்? பூத்துக்காரன் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான், அதனால் அப்படிச் சொன்னேன் என்று வைத்துக்கொள்.

போன பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. ஓசூரில் ஆயுத பூஜை என்றால் கேட்க வேண்டுமா? கம்பெனிக்குக் கம்பெனி வாழைமரம், லாரிக்கு லாரி மாலை, ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய். நானும் விடியக்காலம் எழுந்து வீட்டில் இருக்கிற கருவி ஒன்று விடாமல் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தேன். அரிவாள்மணை, கத்தி, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, தையல் மிஷின், உன் மாமாவின் ஸ்பேனர், மொபெட் சாவி. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். நம்ம வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் திரும்ப ஒரு தீபம் காட்டித்தான் எடுக்க வேண்டும். வருஷம் முழுக்க உழைக்கிறதுகளுக்கு அன்று ஒரு நாள் லீவு. அதற்காகவே முந்தின நாளே காய் நறுக்கி வைத்துவிடுகிறவள் நான்.

முனிலட்சுமி ராத்திரி ஷிப்ட் முடிந்து ஏழரை மணிக்கு வந்தாள். ஊசியை வயிற்றிலேயே விட்டுவிட்டு மெஷினை டியூப்போடு கழற்றி மாடத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். குளிக்கும்போது கழற்றலாம், ஒரு மணி நேரம் தாங்கும். டாக்டரம்மா எனக்கே ஒற்றை விரலைக் காட்டிச் சொல்லியிருந்தாள். "ஒரு மணி நேரந்தானுங்க அம்மா. ஊசி போடறவங்களுக்கு உள்ள மருந்து கொஞ்சம் இருப்பு இருக்கும். இதுல இருப்பே கிடையாதுங்க. சொட்டு நின்னா எல்லாம் நின்னுடும்." நான் நன்றாகத் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும்.

மாடத்தில் அந்த மெஷினைப் பார்த்தேன் ராமப்பா. ஸ்பேனருக்குப் பொட்டு வைத்தாயிற்று, மிக்ஸிக்கு வைத்தாயிற்று, நம்ம பெண் உசிரைப் பிடித்து வைத்திருக்கிற கருவி மட்டும் வெறும் நெற்றியோடு கிடக்கிறதே என்று மனசு கேட்கவில்லை. எடுத்துத் துடைத்து, முன்னால் மூன்று பொட்டு, பின்னால் 417க்கு மேலே ஒரு பொட்டு, டியூப் நுனி ஈரமாக இருந்தது, அதற்கும் ஒரு பொட்டு வைத்து, மிக்ஸிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் நடுவில் உட்கார வைத்தேன். டப்பாவில் அவசரத்துக்கு வைத்திருந்த பழைய ஊசிகளையும் வைத்தேன். மருந்து பாட்டிலை மட்டும் வைக்கவில்லை. மருந்து கருவி இல்லையே, அந்த அளவுக்கு எனக்கு விவரம் உண்டு.

குளித்துவிட்டு வந்தவள், "அத்தை, பம்ப் எங்க?" என்றாள்.

"சாமிகிட்ட இருக்குது கண்ணு."

"சாமிக்கு எதுக்கு? சாமிக்குச் சுகரா?"

"வாயை மூடு, நல்ல நாளும் அதுவுமா. பூஜை ஆயிட்டா குடுத்துடறேன்."

ராத்திரி பூரா நின்றுகொண்டு வேலை செய்தவள், கண் சொருகிக்கொண்டு போகிறது. "ஒரு மணி நேரந்தான் அத்தை. மறக்காம எழுப்பு" என்று சொல்லிவிட்டு, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் உள் அறையில் போய்ப் படுத்தாள்.

பூஜை ஒன்பது மணிக்கு முடிந்தது. எழுப்பப் போனேன். வாயைத் திறந்துகொண்டு குழந்தை மாதிரி தூங்குகிறாள். பாவம், தூங்கட்டும் என்று ஒரு மனசு. பூஜையில் வைத்ததை எப்படி நடுவில் எடுப்பது என்று இன்னொரு மனசு. ரெண்டு மனசும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டால் மனுஷி என்ன செய்வாள்? கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். இந்த வரியை அடித்துவிடலாமா என்று பேனாவைத் தூக்கினேன். ஆனால் எழுதிவிட்டேன், அடிக்க மாட்டேன்.

பதினோரு மணிக்கு மெஷின் கூவ ஆரம்பித்தது. மூன்று கூவல், கொஞ்சம் நிற்கும், மறுபடி மூன்று. அடுத்த வீட்டு வெங்கடம்மாள் சுண்டல் வாங்க வந்தவள் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு, "தேவுடா! அம்மவாரு பலுகுதோந்தி!" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். அம்மன் பேசுகிறாளாம். எனக்கும் புல்லரித்துவிட்டது. முப்பது வருஷமாகச் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில் படி ஏறுகிறேன், ஒரு நாள், ஒரு வார்த்தை எனக்கென்று அவர் பேசினதில்லை. மிக்ஸி பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறதென்றால் சும்மாவா? கற்பூரம் ஏற்றிக் காட்டினேன். நின்றது. மறுபடி கூவிற்று, மறுபடி காட்டினேன். தெருவில் எட்டுப் பேர் கூடிவிட்டார்கள். வெங்கடம்மாள் கையைக் கூப்பிக்கொண்டு, தன் மகன் ஆஞ்சப்பனுக்கு லைன்மேன் வேலை கிடைக்குமா என்று கேட்டாள். கூவிற்று. கிடைக்கும். இந்த வருஷமேவா? கூவிற்று. மருமகள் தனிக்குடித்தனம் போகாமல் இருப்பாளா? மெஷின் வாயைத் திறக்கவில்லை. "நாலு வாட்டி கேட்டாச்சு, அம்மாவுக்கே அவ விஷயம் தெரியல" என்று வெங்கடம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உன் மாமா மட்டும் வாசல் பக்கமிருந்து, "அது ஏதோ ரிப்பேருன்னு கத்துதுடி. அவளை எழுப்பிக் கேளு" என்றார்.

"சாமி பேசறப்போ குறுக்க பேசாதீங்க" என்று அதட்டி உட்கார வைத்துவிட்டேன். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷர் சரியாகச் சொன்ன ஒரு வார்த்தை அதுதான், அதையும் நான் கேட்கவில்லை.

அஞ்சு மணிக்கு அவளாக எழுந்து வந்தாள். வந்ததும் சொம்பை எடுத்து மொண்டு மொண்டு குடிக்கிறாள். அப்படியே குடத்தடியில் உட்கார்ந்து வாந்தி. நாய் இரைக்கிற மாதிரி மூச்சு. கிட்டப் போனால் வாயில் பழ வாசனை. நான் கேட்டேன் பார் ஒரு கேள்வி. "சாமிக்குப் படைக்க வச்சிருந்த பழத்தை எடுத்துத் தின்னுட்டயாடி?" உடம்புக்குள்ளே மருந்து நின்று ரத்தம் விஷமாகிறபோது வருகிற வாசனையாம் அது. டாக்டரம்மா அப்புறம் சொன்னாள். அந்த வாசனையை வைத்துக்கொண்டு நான் வாழைப்பழச் சீப்பை எண்ணிப் பார்த்தேன் தம்பி. எண்ணிப் பார்த்தேன்! பன்னிரண்டும் இருந்தது.

"அத்தை... பம்ப்... எப்ப கழட்டினது?"

"காலையில."

அவ என்னைப் பார்த்தா பாரு. திட்டல, அழல. "ஒரு மணி நேரம்னு சொன்னேனே அத்தை" அப்படின்னா. அதுக்கப்புறம் அவளுக்குப் பேச்சு வரல.

எனக்கு அப்புறம் சாமியும் தெரியல, பூதமும் தெரியல. நானே போய்ப் பூஜையிலிருந்து மெஷினைப் புடுங்கினேன். இஸ்திரிப் பெட்டி உருண்டுச்சு, விளக்கு சாஞ்சுச்சு. டியூப் நுனியில் சந்தனம் காஞ்சு கல்லா நிக்குது. அதான் காலையிலிருந்து "அடைச்சிருக்கு, அடைச்சிருக்கு"ன்னு கத்தியிருக்குது, அதுக்கு நான் கற்பூரம் காட்டியிருக்கேன். மொபெட்டில் அவளை உட்கார வைக்க முடியாது. ஆஞ்சப்பன் டெம்போதான் இருந்துச்சு, ரெண்டு பக்கமும் வாழைமரம், முன்னால மாலை, ஹெட்லைட்டுக்கெல்லாம் பொட்டு. எதையும் அவிழ்க்க நேரமில்லை, அப்படியே போனோம். ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் ஊர்வலம்னு நினைச்சு, "அக்கா, நமக்குப் பொரி?" அப்படின்னு கையை நீட்டறான். வாழைமரத்துக்கு நடுவில் நான் உன் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கேன். என்னைப் பார்த்தவன் கையை இழுத்துகிட்டு ஸ்ட்ரெச்சர் கொண்டாந்தான்.

டாக்டரம்மா குவார்ட்டர்ஸிலிருந்து ஓடி வந்தா. டிரிப் ஏத்தினாங்க. ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற மெஷின் எங்கேன்னு கேட்டா, பொன்னுசாமி முழிக்கிறார்.

"மேடம், அதை ஸ்டோர்ல பூஜையில வச்சிருக்கேன். நாளைக்குக் காலையில மறுபூஜை பண்ணி..."

ராமப்பா, அந்த வார்த்தையை இன்னொரு வாயிலிருந்து கேக்கறப்போதான் எனக்கு என் மூஞ்சி தெரிஞ்சுது. டாக்டரம்மா வாயைத் திறக்கறதுக்குள்ள நான் கத்தினேன்: "யோவ், எடுய்யா அதை! சாமி கோவிச்சுகிட்டா என் பேரைச் சொல்லு. ஸ்டூலுக்கெல்லாம் நம்பர் போடறயே, இந்தப் பாவத்துக்கும் ஒரு நம்பர் போட்டு என் தலையில ஒட்டு!" மனுஷர் ஓடினார். அந்த மெஷினிலும் பொட்டு. முந்தானையால் நானே துடைச்சுக் குடுத்தேன். அதில் வந்த நம்பரைப் பார்த்து டாக்டரம்மா உதட்டைக் கடிச்சுகிட்டா.

மறுநாள் மத்தியானம்தான் உன் மகள் கண்ணைத் திறந்து, "அத்தை, மாமா மொபெட்டோட வந்துட்டாரா, நான் கம்பெனிக்கு லீவு சொல்லணும்" என்று பேசினாள். அதுவரைக்கும் நான் அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். சாமியைக் கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டால், "நானா உன்னைக் காலையிலிருந்து கற்பூரம் காட்டச் சொன்னேன்?" என்று கேட்டுவிடுவாரோ என்று பயம்.

டாக்டரம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. பம்பை மேஜையில் வைத்து, டார்ச் அடித்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"இது என்ன?"

"சந்தனம்."

"இது?"

"குங்குமம்."

"பட்டனுக்குள்ள இது?"

"அது... பொரி."

ஒரு "ங்க" இல்லை அவள் பேச்சில். "இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்திருந்தா, இந்த மெஷினை நான் அடுத்த ஆளுக்குக் குடுத்திருப்பேன். இவளுக்குத் தேவை இருந்திருக்காது" என்றாள். அப்புறம்தான் அந்தக் காகிதத்தை நீட்டினாள். வீட்டில் பொறுப்பான ஆள் ஒருத்தர் இருந்தால்தான் பம்ப். இல்லையானால் ஊசி.

நான் பொறுப்பான ஆளா? நீயே சொல்லு. ஊசி என்றால் என்னால் கெடுக்க முடியாது. குத்தினால் உள்ளே போய்விடும், அப்புறம் அதை யார் பிடுங்கிப் பூஜையில் வைக்க முடியும்? இந்த மெஷின் கழற்றி மாட்டுகிற சாமான், நானோ கை சும்மா இருக்காதவள். இன்றைக்குச் சந்தனம் வைத்தவள் நாளைக்குப் பொங்கலுக்கு மஞ்சள்கொத்து கட்ட மாட்டேன் என்று என்ன நிச்சயம்? எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. ஊசியிலேயே பதினோரு வருஷம் ஓடவில்லையா? இன்னும் ஓடட்டும். பொறுப்பை வாங்கிக்கொள்ள எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகவே நீ மறுப்புக் காகிதத்தை மறக்காமல், தெளிவாக, பெரிய எழுத்தில் எழுதி, சனிக்கிழமைக்குள் வருகிற மாதிரி அனுப்பு.

தீபாவளிக்கு வருகிறாயா? வந்தால் உனக்கு முறுக்கு, வராவிட்டால் வெங்கடம்மாள் பேரனுக்கு. நீயும், உன் கிரேனும், அது தூக்குகிற பெட்டிகளும், அந்தப் பெட்டிகளுக்குக் கீழே நடக்கிற ஜனங்களும் மேலும் கீழும் பத்திரமாக இருக்க மலைமேல் இருக்கிறவர் கண் பார்க்கட்டும். என்மேல் அவர் கண் இந்த மாசம் படாமல் இருந்தாலும் சம்மதமே. உன் மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அக்கா,
நாராயணம்மா

பின்குறிப்பு. (27-10-97, திங்கட்கிழமை, மத்தியானம் மூணு மணி)

ராமப்பா, நீ மறுப்பு லெட்டர் எழுதாதே. எப்படி எழுதுவே, நான்தான் இதைப் போஸ்டே பண்ணலையே. உன் அட்ரஸை இங்கிலீஷில் எழுதிக் குடுன்னு செவ்வாய்க்கிழமை சாயந்தரம் கவரை முனிலட்சுமிகிட்ட குடுத்தேன். அட்ரஸ் மட்டும் எழுதுவாள்னு நினைச்சேன். அத்தனை பக்கத்தையும் உட்கார்ந்து படிச்சிருக்கா. மறுபடி ஊசிதான் போட்டுட்டு இருந்தா, கையில் கடிகாரம், பையில் டப்பா. சமையல்கட்டுக்கு வந்து, "அப்பா பேருக்குப் பின்னால ஒளிஞ்சுக்கறயா அத்தை?" அப்படின்னா.

"ஆமாண்டி. நான் உன்னைக் கொல்லப் பாத்தேன்."

"நீ ஒரு நாள்தான் பாத்தே. இந்தக் கடிகாரம் பதினோரு வருஷமா என் உசிரை வாங்குது" அப்படின்னு சொல்லிட்டு, என் பக்கத்துல தரையில உக்காந்தா. "ஆவணியில ஒரு ஞாயித்துக்கிழமை நானும் கம்பெனிப் பொண்ணுங்களும் டேமுக்குப் போனோமே, ஞாபகம் இருக்குதா? அன்னிக்கு ஆடிட்டே இருந்ததுல மத்தியானச் சோறு சாப்பிட மறந்துட்டேன் அத்தை. மறந்தே போயிட்டேன்! மூணு மணிக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. சுகர் எறங்குதோன்னு பயந்து ரத்தம் குத்திப் பாத்தா சரியாத்தான் இருக்குது. அப்புறந்தான் புரிஞ்சுது, அது பசி. பதினோரு வயசுக்கு அப்புறம் பசிக்கிறதுக்கு முன்னாலயே தின்னு தின்னு, எனக்குப் பசி எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. நல்லா இருந்துச்சு அத்தை."

அடுப்பை நான் அப்பதான் திரும்பிப் பாத்தேன். தாளிச்சது கருகிப்போச்சு.

இன்னிக்குக் காலையில் போய்க் கையெழுத்துப் போட்டேன். டாக்டரம்மா சும்மா விடல. டியூப் மாத்தறது, பேட்டரி போடறது, எந்தச் சத்தத்துக்கு என்ன செய்யணும்கிறது, எல்லாத்தையும் மூணு தடவை செய்ய வச்சா. ரெண்டு தடவை தப்பு, மூணாவது சரி. அப்புறம் என் கையாலேயே, "எந்தப் பண்டிகைக்கும் இந்தக் கருவியைப் பூஜையில் வைக்க மாட்டேன்" அப்படின்னு எழுதி வாங்கிகிட்டா. கிளம்பறப்போ, "ஜாக்கிரதையாப் போங்க அம்மா" என்றாள். "ங்க" திரும்பி வந்துடுச்சு.

அப்புறம் இந்த லெட்டரை ஏன் அனுப்பறேன்னு கேப்பே. அன்னிக்கு நடந்தது உனக்கு என் வாயாலதான் தெரியணும். கோவம் வந்தா வந்து திட்டு, வாங்கிக்கறேன். ஆனா மெஷினைக் கழட்டுன்னு மட்டும் சொல்லாதே, அதுக்குப் பொறுப்பு இப்ப நான்.

இப்ப மணி மூணேகால். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து, என்கூட ஆஸ்பத்திரிக்கும் வந்துட்டு, பம்பைக் கட்டிகிட்டுப் படுத்தவ இன்னும் எந்திரிக்கல. இதோட நாலு வாட்டி போய் டியூப்பும் மூச்சும் பாத்துட்டு வந்துட்டேன், ரெண்டும் சரியா ஓடுது. காலையிலிருந்து அவ ஒண்ணும் சாப்பிடல. அடுப்புல கொள்ளு ரசம் ஆறிப்போச்சு. நான் எழுப்பல. பசிச்சா எந்திரிச்சு வரட்டும்.